லைட்வெயிட்டில் ஒரு நல்ல பிள்ளை

அவளுடைய பெயரை நான் வாயால் சொல்வதில்லை, இங்கே எழுதப்போவதும் இல்லை. பெயர் சொன்னால் ஏதோ நெருங்கிய உறவு போலாகிவிடும். எங்கள் வீட்டில் அவளுக்கு "அந்த நல்ல பிள்ளை" என்று பெயர். அம்மா அப்படிச் சொல்லும்போது உண்மையாகவே சொல்வார். நான் சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன். இருவரும் சொல்வது ஒரே ஆளைத்தான்.

பார்ப்பதற்கு அவள் குத்துச்சண்டைக்காரி மாதிரியே இருக்கமாட்டாள். மெலிந்த மணிக்கட்டு, எண்ணெய் வைத்து இறுக்கிய ஒற்றைப் பின்னல், ஆறுதலான குரல். கதைக்கும்போது எங்கள் முழங்கையை மெல்லத் தொட்டுக்கொண்டே கதைப்பாள். சாப்பாடு, தூக்கம், அம்மாவின் கால்வலி, தம்பியின் பரீட்சை எல்லாவற்றையும் விசாரிப்பாள், அடுத்த முறை காணும்போது விட்ட இடத்திலிருந்து மறுபடி கேட்பாள். அவளோடு கொஞ்ச நேரம் கதைத்த எவரும் "என்ன அன்பான பிள்ளை" என்று சொல்லாமல் போனதில்லை. ஒருகாலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன், இப்போது நினைத்தால் என் நாக்கைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும் போல இருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் லாங்கன்தாலில் எங்கள் குத்துச்சண்டைக் கிளப் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. பெண்களுக்கென்று தனி வகுப்பு வைத்திருந்த கிளப் அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான். அதனால் அவள் சோலோதுர்னிலிருந்து சின்ன ரயில் பிடித்து வருவாள். நான் அப்போது இயந்திரப் பாகங்கள் செய்யும் ஓர் இடத்தில் தொழில் பழகிக்கொண்டிருந்தேன். பகல் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டு, மாலையில் குத்துமூட்டையோடு மல்லுக்கட்டு. சிறுவயதிலிருந்தே கோபக்காரி என்று பெயரெடுத்த எனக்கு இரண்டும் நன்றாகப் பொருந்தின. வீட்டில் மட்டும் "உடம்புக்கு எக்ஸர்சைஸ் வகுப்பு" என்று சொல்லி வைத்திருந்தேன்.

முதல் நாளே ஒரு பெட்டி நிறையப் பயற்றம்பணியாரத்தோடு வந்தாள். எங்கள் பயிற்சியாளர் ஒரு வயதான சுவிஸ்காரர். பிறந்தநாளுக்குக் கை கொடுத்தாலே முகத்தைச் சுளிக்கிற மனிதர். அவர் மூன்று பணியாரம் தின்றுவிட்டு விரலைத் துடைத்தார். அன்றிலிருந்து அவர் எங்கள் எல்லோரையும் பார்த்துக் கத்துவார், அவளிடம் மட்டும் பக்கத்தில் போய் மெதுவாகச் சொல்வார்.

எங்களோடு ஓர் அல்பேனியப் பெண் பழகினாள். இடது கைக் குத்து இறங்கினால் சுவரே அதிரும். ஒரு மாலை அவளோடு பயிற்சிச் சண்டை என்று முடிவானதும் இவள் தன்னுடைய புத்தம்புதுக் கையுறையைக் கழற்றி அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். "இது எனக்குப் பெரிசு, உனக்குத்தான் சரியா இருக்கும், வச்சுக்கொள்" என்று ஜெர்மன் மொழியில் சொன்னாள். பாவம், அந்தப் பெண்ணுக்குச் சந்தோஷத்தில் முகமெல்லாம் சிவந்துவிட்டது. மணி அடித்ததும் என்ன நடந்தது என்கிறீர்கள்? புதுக் கையுறையை வாங்கிப் போட்ட கை, அதைத் தந்தவளின் முகத்தில் இறங்க மறுத்தது. வந்த குத்தெல்லாம் பாதி வழியில் நின்றுபோயின. இவள் ஆறுதலாக, அவசரமில்லாமல், அந்தப் பெண்ணின் மூக்கிலேயே குத்திக்கொண்டிருந்தாள். இரத்தம் வந்ததும் தானே ஓடிப்போய்த் துணி நனைத்து வந்து மூக்கைப் பிடித்துவிட்டாள். அந்தப் பெண் அவளுக்கு "மெர்சி" என்று நன்றி சொன்னாள்.

எனக்கும் நடந்தது. குளிர் காலத்தில் கழுத்துக்கு ஒரு சால்வை கொண்டுவந்து தானே சுற்றிவிட்டாள். அந்தக் கிழமை பயிற்சிச் சண்டையில் என் கை தயங்கிற்று. அவளுடைய கை தயங்கவில்லை. பிறகு கையில் பூசுகிற களிம்பு தந்தாள், மறுபடி அதேதான். அதன்பிறகு என் மரமண்டைக்கு விஷயம் ஏறியது. அவளிடம் வாங்கியவர் எவரும் அவளை ஒழுங்காக அடித்ததில்லை. அவள் கையுறை போடுவதற்கு முன்பே சண்டையைத் தொடங்கிவிடுகிறவள்.

அன்றோடு அவளிடம் எதையும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தேன். தண்ணீர்ப் போத்தலை நீட்டினால் தாகமில்லை என்பேன். பலகாரம் தந்தால் வயிறு சரியில்லை என்பேன். அவள் கோபிக்கவே மாட்டாள். நேரே கோயிலுக்குப் போய் என் அம்மாவைப் பிடித்தாள்.

அம்மா வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீ எக்ஸர்சைஸுக்குப் போறாய் எண்டுதானே சொன்னனி?"

"ஓம். அதுக்கென்ன?"

"அந்தப் பிள்ளை வந்து என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சொல்லுது, அன்ரி, உங்கட மகள் என்ன வடிவாக் குத்துறா தெரியுமோ எண்டு. எனக்குத் தலையைச் சுத்திச்சுது. ஆரோட குத்துறாய்? என்னத்துக்குக் குத்துறாய்?"

நான் அவருடைய கைப்பையை வாங்கி மேசையில் வைத்தேன்.

"அந்தப் பிள்ளையோடயும் முகம் குடுத்துக் கதைக்கிறேல்லையாம். தான் என்ன பிழை விட்டனோ தெரியேல்லை அன்ரி எண்டு கண் கலங்கிப்போச்சு அதுக்கு."

பாராட்டுவதுபோல என் இரகசியத்தைப் போட்டுக்கொடுத்து, அதோடு என்னைக் கெட்டவளாகவும் ஆக்கியாயிற்று. ஆனாலும் அம்மா என்னைத் தடுக்கவில்லை. அந்த நல்ல பிள்ளையே போகிற இடம் கெட்ட இடமாக இருக்காது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். இதற்காகவும் நான் அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அம்மா பல தடவை சொன்னார். நான் சொல்லவில்லை.

அடுத்த வருடம் சோலோதுர்னிலும் பெண்கள் வகுப்பு தொடங்க, அவள் அங்கே மாறினாள். கேக் வெட்டி எல்லோருக்கும் ஊட்டிவிட்டுத்தான் போனாள். அதே வருடம்தான் எங்கள் வட்டாரத்தில் முதல்முறையாகப் பெண்களுக்கும் லைட்வெயிட் சாம்பியன் போட்டி வைத்தார்கள். அறுபது கிலோவுக்கு மேல் போகக்கூடாத பிரிவு. அரையிறுதி முடிந்தபோது மிஞ்சியவர்கள் அவளும் நானும். இரண்டு மூலையிலும் தமிழ்ப் பிள்ளைகள். பெண்பிள்ளைகள் மூக்கை உடைத்துக்கொள்வதா என்று அதுவரை முகம் சுளித்தவர்களெல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டார்கள். தமிழ்க் கடையில் மீன் வாங்கப்போனால் "சரித்திரம் படைக்கப் போறியள்" என்று என் தலையில் கைவைத்தார்கள். எனக்கு அந்தப் பட்டம் வேண்டும். வாழ்க்கையில் வேறு எதையும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை. அதை அவளை அடித்து எடுக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

எனக்கு எலும்பே பாரம். அறுபதுக்குள் வருவதற்குச் சோற்றை விட்டேன், உப்பை விட்டேன், கடைசி நாளில் தண்ணீரையும் விட்டேன். சனிக்கிழமை காலையில் நிறை பார்ப்பார்கள், இரவு சண்டை. வெள்ளிக்கிழமை மாலை நான் நாக்கு வறண்டுபோய்ச் சோபாவில் கிடந்தபோது வீட்டு மணி அடித்தது. வந்தது அவளும் அவள் தாயும். கையில் வாழையிலையால் மூடிய பாத்திரம்.

"கோயிலுக்குப் போனனாங்கள் அன்ரி. ரெண்டு பேரின்ர பேரிலயும் அர்ச்சனை செய்தனான். ஆர் வெண்டாலும் எங்கட பிள்ளைதானே. பிரசாதத்தை அவளுக்குக் குடுக்காமல் எனக்கு நித்திரை வராது."

அம்மாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இலையை விலக்கினால் சர்க்கரைப் பொங்கல், நெய் மினுங்கிக்கொண்டு.

"நீயும் ஒரு வாய் எடு பிள்ளை" என்றார் அம்மா.

"எனக்கு இண்டைக்கு ஐப்பசி வெள்ளி விரதம் அன்ரி. ஒண்டும் தொடமாட்டன்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்த வயதில் விரதம் பிடிக்கிற பிள்ளையையும், சோபாவில் காலை நீட்டிக் கிடக்கிற தன் பிள்ளையையும் ஒப்பிட்ட பார்வை அது. பிறகு பொங்கலை உருட்டி என் வாய்க்கு நேரே கொண்டுவந்தார். நான் தலையைத் திருப்பினேன்.

"பிரசாதத்தை வேண்டாம் எண்டு சொல்லுறியோ? நாளைக்குச் சண்டையை வச்சுக்கொண்டு?"

அவள் தருகிற தண்ணீரை மறுக்க எனக்குத் தெரியும். பலகாரத்தை மறுக்கத் தெரியும். அம்மாவின் கையில் இருக்கிற முருகனின் பொங்கலை எப்படி மறுப்பது? எங்கள் சனத்தில் எந்தப் பிள்ளைக்கு அந்தத் துணிவு வரும்? வாயைத் திறந்தேன். ஒரு வாய் இரண்டாகி, இரண்டு மூன்றாகி, காய்ந்து கிடந்த தொண்டைக்குள் அந்த இனிப்பு இறங்கியதும் அடக்கி வைத்திருந்த தாகமெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. குழாயடிக்குப் போய் மாடு மாதிரித் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தபோது அவள் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். என் முழங்கையைத் தொட்டு "நல்லா நித்திரை கொள்ளு" என்றாள்.

காலையில் தராசில் ஏறினால் நிறை கூட. நிறை பார்க்கும் நேரம் முடிவதற்குள் இறக்கினால் சண்டை, இல்லாவிட்டால் வீடு. காற்றுப் புகாத வியர்வை உடுப்பைப் போட்டு, அதன்மேல் இரண்டு ஜாக்கெட் போட்டு, விளையாட்டு மண்டபத்தின் படிகளில் ஏறி இறங்கி ஓடினேன். எச்சிலைக்கூடத் துப்பிக்கொண்டே ஓடினேன். அவள் நிறை பார்த்து முடித்துவிட்டு வாசலில் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துத் தின்றபடி என்னைப் பார்த்தாள். கதவை மூடப்போகிற நேரத்தில் உள்ளே வந்துவிட்டேன். ஆனால் காலில் இருந்த பலத்தையெல்லாம் அந்தப் படிகளில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

இரவு மண்டபம் நிறைந்து வழிந்தது. முதல் சுற்றில் அவளைக் கயிற்றோடு ஒட்டவைத்து விளாசினேன். அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. இரண்டாவது சுற்றில் முழங்கால் கனத்தது. மூன்றாவதில் கால்கள் என் சொல்லைக் கேட்கவில்லை. அவள் வருவது தெரிகிறது, விலக வேண்டும் என்பதும் தெரிகிறது, உடம்பு நின்ற இடத்திலேயே நிற்கிறது. முகத்தில் வாங்கினேன், விலாவில் வாங்கினேன், விழாமல் நின்றது மட்டும் நான் செய்த ஒரே வேலை. நடுவர்கள் அவள் பக்கம் தீர்ப்பளித்தார்கள். அவள் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். சனம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தச் சத்தத்துக்குள் அவள் என் காதுக்குள் கேட்டாள்.

"பொங்கல் முழுக்கச் சாப்பிட்டனியோ?"

அவள் குரலில் சிரிப்பு இருந்தது. என் காது கேட்டது, நான் சத்தியம் செய்வேன்.

அடுத்த கிழமை கோயிலில், அன்னதானம் முடிந்து பெண்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இடத்தில் அவளை மறித்தேன்.

"வேணுமெண்டுதானே கொண்டுவந்து தந்தனி?"

"என்னத்தை?"

"நடிக்காதை. நான் தண்ணிகூடக் குடிக்காமல் கிடக்கிறன் எண்டு அம்மாவிட்டப் போன் எடுத்துக் கேட்டுத் தெரிஞ்சுகொண்டுதானே வந்தனி? அம்மாவே சொன்னவ."

கண் உடனே கலங்கியது. குரல் மட்டும் எல்லோருக்கும் கேட்கும்படி உயர்ந்தது. "உன்ர பேரிலயும் அர்ச்சனை செய்தது நான் விட்ட பிழையோ? முருகன்ர பிரசாதத்தில நான் என்ன நஞ்சோ கலந்தனான்?"

குழாயை நிறுத்திவிட்டு எல்லாப் பெண்களும் திரும்பினார்கள். "தோத்த ஆத்திரத்தில வாய்க்கு வந்தபடி கதைக்கக்கூடாது பிள்ளை" என்றார் ஒருவர். "கோயிலுக்குள்ள நிண்டு கதைக்கிற கதையே இது?" என்றார் இன்னொருவர். அம்மா வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். அப்போது அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள், "விடுங்கோ அன்ரி, அவளைப் பேசாதேங்கோ. அவள் மனம் நொந்துபோய் நிக்கிறாள்." நான் கேட்காத மன்னிப்பையும் தந்துவிட்டாள்.

அந்த ஒரு வருடம் நான் வேறு எதையும் நினைக்கவில்லை. தொழிற்சாலையில் இரும்பைக் கடைந்தால் அவள் முகம், இரவு கண்ணை மூடினால் அவள் முகம். மன்னித்துவிடு, மறந்துவிடு என்று சொன்னவர்கள் நிறையப் பேர். அவர்களில் எவரும் அவளிடம் வாங்கிக் கட்டியவர்கள் இல்லை. எனக்கு வேண்டியது எளிமையான விஷயம். ஒழுங்கான கால்களோடு அவளுக்கு எதிரே நிற்க வேண்டும், எல்லோரும் பார்க்க அவளை விழுத்த வேண்டும்.

அடுத்த போட்டி சோலோதுர்னில். மறுபடி இறுதிக்கு நாங்கள் இருவரும்தான் வந்தோம். அந்தக் கடைசிக் கிழமை நான் வீட்டில் நிற்கவில்லை. இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் அப்பா வேலை செய்தார். வேலையாட்களுக்கான அவருடைய அறைக்குப் போய் ஒளிந்துகொண்டேன். படம் எடுக்க வந்த சுற்றுலாக்காரர்களுக்கு நடுவே ஆற்றங்கரையில் ஓடினேன். அப்பா எனக்காக உப்பில்லாமல் காய் அவித்துத் தந்தார். ஒவ்வொரு முறையும் தட்டை வைக்கும்போது முகம் சுருங்கும்.

"உப்பில்லாமல் சமைக்கிறது எனக்குப் பெரிய பாவம் செய்யிற மாதிரிக் கிடக்கு பிள்ளை."

"பாவமெல்லாம் என்ர கணக்கில போடுங்கோ அப்பா."

"சரி, சரி. குத்துறதெண்டால் நல்லாக் குத்து" என்றார். அப்பா என்னோடு குத்துச்சண்டை பற்றிக் கதைத்தது அவ்வளவுதான்.

நிறை பார்க்கும் காலையில் நான் தராசில் ஏறினேன். சரியாக உள்ளே. உடம்பில் அப்படியொரு தெம்பு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. பிறகு அவள் திரைக்குப் பின்னால் போனாள். தராசுக்குப் பொறுப்பான சுவிஸ் பெண்மணி எண்ணைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நிறை கூட. நிறையவே கூட. ஆனால் கதவு மூட இன்னும் நேரம் இருந்தது.

அவள் கலங்கவில்லை. வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்து ஆறுதலாகக் காலுறையைப் போட்டாள். எனக்குத்தான் பதற்றம். இவள் உள்ளே வராவிட்டால் சண்டை இல்லை. சண்டை இல்லாவிட்டால் என் ஒரு வருடம் என்னாவது? என்னுடைய வியர்வை உடுப்பை எடுத்துக்கொண்டு அவளிடம் ஓடினேன்.

"இந்தா, போடு. இன்னும் நேரம் இருக்கு."

"எனக்கு ஏலாதடி."

"ஏலும்! போன வருசம் நான் இறக்கினனான். எழும்பு. நானும் உன்னோட ஓடுறன்."

நினைத்துப் பாருங்கள், அவளுடைய நிறையைக் குறைக்கச் சொல்லி அவளுக்கு முன்னால் முழந்தாளில் நின்று கெஞ்சியது நான். தராசுப் பெண்மணியிடமும் போய்க் கெஞ்சினேன். அவள் எவ்வளவு நிறையாக இருந்தாலும் எனக்குப் பரவாயில்லை, எங்களை விடுங்கள் என்றேன். சட்டம் இடம் கொடுக்காது என்று தலையாட்டினார்.

திரும்பி வந்தபோது அவள் பையிலிருந்து உடுப்பை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கையுறை இல்லை, சப்பாத்து இல்லை. அயர்ன் பண்ணி மடித்த இளம்பச்சைப் பட்டுச்சேலை, அதற்குப் பொருத்தமான வளையல், ஒரு சரம் மல்லிகை. சண்டைக்கு வருகிறவள் சேலை கொண்டுவருவாளா? அப்போதுதான் விளங்கியது. இந்த வருடம் என்னிடம் தோற்பாள் என்று அவளுக்குத் தெரியும். தோற்பதற்குப் பதிலாக வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

நான் சேலையைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். என் முழங்கையைத் தொட்டாள்.

"என்னத்துக்கடி இவ்வளவு பாடு? உனக்குத்தானே வேணும். நீயே எடு."

இரவு என்னை மேடைக்கு அழைத்தார்கள். சண்டை இல்லாததால் கையுறை தேவையில்லை என்றார்கள். நான் போட்டுக்கொண்டுதான் ஏறினேன். அறிவிப்பாளர் ஒலிவாங்கியில் சொன்னார்: போன வருடத்துச் சாம்பியனால் இன்று சண்டையிட முடியவில்லை, பட்டம் எதிராளிக்குப் போகிறது, ஆனால் பழைய சாம்பியன் ஒரு வேண்டுகோள் விட்டிருக்கிறார், புதிய சாம்பியனுக்குத் தானே சாம்பியன் இடுப்புப்பட்டியைக் கட்டிவிட விரும்புகிறார். சனத்துக்கு உருகிவிட்டது. கயிற்றை விலக்கிக்கொண்டு அவள் ஏறி வந்தாள், இளம்பச்சைச் சேலை, தலையில் மல்லிகை, இரண்டு கையிலும் அந்தப் பட்டி. மண்டபம் எழுந்து நின்றது. முன்வரிசையில் என் அம்மாவும் அவள் அம்மாவும் கைகோர்த்துக்கொண்டு அழுதார்கள். நடுவர் என் ஒரு கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு விலகினார்.

அவள் சிரித்தபடி குனிந்து பட்டியை என் இடுப்புக்குக் கொண்டுவந்தாள். இரண்டு வருடம் நான் கனவு கண்ட பட்டி. தொடுகிற தூரத்தில் இருந்தது. இதை இப்போது வாங்கினால், சாகும்வரை என்னிடம் இருக்கப்போவது அவள் தந்த பட்டம்தான். எங்கே போனாலும் சொல்வார்கள், அந்த நல்ல பிள்ளை விட்டுக்கொடுத்தது என்று. அவளும் என் முழங்கையைத் தொட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்பாள்.

நான் இரண்டு கையையும் தூக்கினேன். கையுறை கன்னத்தோடு, முழங்கை விலாவோடு, உடம்பை இறுக்கித் தற்காப்பு நிலையில் நின்றேன். பட்டி என் முழங்கைகளில் முட்டி நின்றது.

சிரிப்பைக் குறைக்காமல் அவள் முணுமுணுத்தாள். "கையை எடடி. சனம் பாக்குது."

"பாக்கட்டும்."

"பட்டியைக் கட்ட விடு."

"எனக்கு வேண்டாம்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? இது உன்ர."

"நீ தந்தால் வேண்டாம்."

கைதட்டல் அங்கங்கே குறைந்தது. அவள் இன்னொரு முறை முயன்றாள், பட்டியை முதுகுப் பக்கமாகச் சுற்றப் பார்த்தாள். நான் காலை மாற்றி விலகினேன். அந்த இரவு என் கால்கள் அருமையாக வேலை செய்தன. பிறகு கைதட்டல் முற்றாக நின்றுவிட்டது. ஒருவரும் அவளுக்கு உதவிக்கு வரவில்லை, எப்படி உதவுவது என்று எவருக்கும் தெரியவில்லை. மேடை நடுவில், அவ்வளவு வெளிச்சத்தில், சேலையோடு, கொடுக்கப்போன பொருளைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். வளையல்கள் மெல்லச் சத்தம் போட்டன. சிரிப்பு வாயில் இருந்தது, கண்ணில் இல்லை. குத்து வாங்கியவர்களின் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். அது அந்த முகம். நான் கயிற்றுக்குள் குனிந்து இறங்கி, எவரையும் பார்க்காமல் உடுப்பு மாற்றும் அறைக்குப் போனேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சந்தோஷத்தில் அழுதேன். பட்டம் போனதற்கும் கொஞ்சம் அழுதேன்.

வீட்டு வாசலில் சாவியைத் தேடும்போதுதான் அம்மா கேட்டார்.

"எடுத்திருக்கலாமே பிள்ளை. நீ எவ்வளவு ஆசைப்பட்டனி."

"ஓம். ஆசைப்பட்டனான்தான்."

அம்மா கதவைத் திறந்து உள்ளே போனார். திமிர் பிடித்தவள், சபை மரியாதை தெரியாதவள் என்று ஊரெல்லாம் கதைத்தது. பட்டம் வேண்டாம் என்று அமைப்பாளர்களிடமும் சொல்லிவிட்டேன். அந்த வருடம் எங்கள் வட்டாரத்தில் பெண்கள் லைட்வெயிட்டுக்குச் சாம்பியன் என்று எவரும் இல்லை. அதன்பிறகு அவள் மேடை ஏறவில்லை. நான் ஏறினேன், ஆனால் இறுதிப் போட்டி வரை மறுபடி போகக் கிடைக்கவில்லை.

இப்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள். கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாள், வடிவாகத்தான் இருக்கிறாள். கல்யாண வீடுகளில் அவளைக் காண்பேன். பந்தியில் அவள்தான் முன்னுக்கு நிற்பாள். ஒவ்வொரு மேசையாகப் போய், ஆட்களின் முழங்கையைத் தொட்டு, அப்பா சுகமோ, மகள் பாஸ் பண்ணிவிட்டாளோ என்று கேட்டபடி பலகாரத் தட்டை நீட்டுவாள். எல்லோரும் எடுப்பார்கள். என் மேசைக்கு வரும்போது மட்டும் அவளுடைய கதை நின்றுவிடும். எனக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு நீட்டுவாள், அந்தப் பக்கம் இருப்பவருக்கு நீட்டுவாள், எனக்கு நேரே வந்ததும் தட்டு தானாகப் பின்னுக்குப் போகும். அதைப் பார்ப்பதற்காகவே நான் எந்தக் கல்யாணத்தையும் தவறவிடுவதில்லை.